பாடு தெரியாதவன் படுற பாடு

வா பேராண்டி. மூஞ்சி இன்னா இப்டி இருக்கு, நண்டு கிழிச்ச வலை கணக்கா? அந்தத் தோணி மேல சாயாத. நேத்துதான் தார் அடிச்சேன். உன் பேண்ட்டு ஒட்டிக்கினா உன்னையும் சேத்துத்தான் ஏரியில எறக்கணும். இப்டி இந்த வலை மேல உக்காரு.

விஷயம் எனக்கு வந்துச்சி. நம்ம பழவேற்காட்டுல மீன் கரைக்கு வர்றதுக்கு முன்னாடி சேதி வந்துடும். உனக்குக் கல்யாணம் ஆச்சு, ஊர்ல தலைக்கட்டுல சேத்தாங்க, உன் பேர்ல மொத சீட்டு போட்டாங்க. விழுந்தது சேத்து மூலை. தண்ணி ஓடாத எடம். அங்க வலை கட்டினா பாசி வரும். பாசியோட ஒரு பிளாஸ்டிக் செருப்பு வரும். அதுவும் ஒத்தைச் செருப்பு. அந்த ஆத்திரத்துல நீ நேத்து ஊர்க் கூட்டத்துல எழுந்து நின்னு, "இந்தப் பாடு சிஸ்டமே அவுட் ஆப் டேட், தூக்கிடுங்க"ன்னு சொன்னியாம். ஊரே சிரிச்சுதாம். எல்லாரையும் விட உன் பொண்டாட்டியோட தாத்தா, வடக்குத் தெருக் கிழவன், பல்லு இல்லாத வாயைத் தொறந்து ரொம்ப நேரம் சிரிச்சானாம். உனக்கு அதுதான் தாங்கல.

நான் சிரிக்கல. நான் உன் கட்சி. தூக்கிடலாம். ஆனா கூரையைப் பிரிக்கறவன் கீழ யாரு படுத்திருக்காங்கன்னு ஒரு தடவை பாத்துட்டுப் பிரிச்சா நல்லது. படிச்சவன் நீ, உனக்கு அவசரம். படிக்காதவன் நான், எனக்கு வெத்தலை போடற வரைக்கும் நேரம் இருக்கு. எப்படித் தூக்கறதுன்னு யோசனை சொல்றேன், கேட்டுக்க.

மொதல்ல ஒரு வார்த்தைக்கு அர்த்தம் சொல்லு. பாடுன்னா இன்னா? கஷ்டம்னு சொல்லுவ. சரி. கடல்பாடு நல்லா இருந்துச்சின்னா? மீன் கெடைச்சுதுன்னு அர்த்தம். இன்னிக்கு இந்த எடம் யார் பாடுன்னு கேட்டா? யாரோட முறைன்னு அர்த்தம். கஷ்டத்துக்கும் மீனுக்கும் முறைக்கும் ஒரே வார்த்தை வச்சான் பாரு நம்ம பாட்டன், அவன் சும்மா வைக்கல. மூணும் ஒரே தோணியில போவும், ஒண்ணை மட்டும் எறக்கி விட முடியாதுன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. நீ முறையை மட்டும் எறக்கி விடலாம்னு பாக்கற. பண்ணு.

இப்ப மொத யோசனை. சீட்டை எடுத்துட்டு, முந்தினவனுக்கு எடம்னு வச்சிடு. திறமை இருக்கறவன் ஜெயிக்கட்டும். நீ வாலிபன், உனக்கு மோட்டார் இருக்கு, கெழவங்க துடுப்பு போட்டு வர்றதுக்குள்ள முகத்துவாரத்துக்கிட்ட நல்ல ஓட்டத்துல வலையைக் கட்டிடுவ. மொத நாள் உன் கூடை நெறஞ்சிடும்.

ரெண்டாம் நாள் பக்கத்து வீட்டுக்காரன் விடியக்காலை நாலு மணிக்கே போயிடுவான். மூணாம் நாள் நீ நடு ராத்திரிக்குப் போவ. நாலாம் நாள் அவன் முந்தின நாள் சாயந்திரமே சோத்து மூட்டையோட போய் உக்காந்துடுவான். அப்புறம் நீ கழியை நட்டுட்டுப் பிடுங்காம வருவ, "இது என் எடம்"னு. அதை அவன் பிடுங்குவான். கழியைக் காவல் காக்க உன் மச்சானை உக்கார வைப்ப. கடைசியில மீன் பிடிக்க ஒருத்தனுக்கும் நேரம் இருக்காது, எல்லாரும் எடம் பிடிச்சிக்கினு கிடப்பீங்க. பொன்னேரி பஸ்ஸுல ஜன்னல் வழியா துண்டு போடறீங்களே, அந்த வேலையை ஏரியில பண்ணுவீங்க. பஸ்ஸுலயாவது கண்டக்டர் இருக்கான்.

அதைவிட நாசூக்கா, காசு உள்ளவனுக்கு எடம்னு வச்சிக்கலாமா? ஏலம். இது நாகரிகமான வழி. மொத வருஷம் நீ ஏலம் எடுப்ப. காசு? உன் மாமனார் போட்ட நகை. ரெண்டாவது வருஷம் நமக்கு முன்பணம் குடுக்கற இறால் வியாபாரி எடுப்பான். மூணாவது வருஷமும் அவன்தான் எடுப்பான். நாலாவது வருஷம் நீ அவன் எடத்துல அவன் வலையைக் கட்டி அவனுக்கு மீன் பிடிச்சிக் குடுத்துட்டு, சாயந்திரம் கூலிக்குக் கை நீட்டுவ. அன்னிக்கு உனக்கு சேத்து மூலை கோயில் மாதிரி தெரியும். அதுல ஒத்தைச் செருப்பு வந்தாலும் அது உன் செருப்பு.

சரி, எடத்துக்கு எதுக்கு இவ்ளோ சண்டை? ஏரி இவ்ளோ பெருசா இருக்கே, ஒடிசா சிலிகாவுக்கு அடுத்து நாட்டிலயே இதுதானே பெரிய உப்புத்தண்ணி ஏரி, முக்காவாசி ஆந்திராவுலயே கிடக்கேன்னு நீ கேப்ப. ஏரி பெருசுதான். இறாலுக்கு அது தெரியணுமே! இறால் குஞ்சு கடல்ல பொறந்து ஏத்தத்தோட முகத்துவாரம் வழியா உள்ள வருது. ஏரியில தின்னு வளருது. வளந்ததும் தண்ணி வத்தற ராத்திரியில, அதுவும் அமாவாசை பௌர்ணமி ஓட்டத்துல, பொறந்த எடத்துக்குத் திரும்பிப் போவுது. பொண்ணு பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போற மாதிரின்னு வச்சிக்க. நம்ம பக்கம் போற வழி ஒண்ணுதான். அந்த வழியில ஓட்டம் நல்லா இருக்கற எடம் கைவிரல்ல எண்ணிடலாம். வலை கட்டறவன் எண்ணிக்கை தலைமயிரு கணக்கா இருக்கு. என் தலைமயிரு இல்ல, உன் தலைமயிரு.

எடம் கொஞ்சம், ஆளு அதிகம். ஒரு எடத்துல இறால் கொட்டும், இன்னொரு எடத்துல கொசு கடிக்கும். எது எப்பக் கொட்டும்னு முன்கூட்டிச் சொல்ற ஆளு இன்னும் பொறக்கல. ஸ்ரீஹரிகோட்டாவுல ராக்கெட்டு எத்தனை மணி எத்தனை நிமிஷத்துக்குக் கெளம்பும்னு சொல்றான், அன்னிக்கு நம்மளக் கடலுக்குப் போவாதன்னும் சொல்றான். அதே கரையில இன்னிக்கு எந்த வலையில இறால் ஏறும்னு சொல்லச் சொல்லு பாப்போம்.

அதனாலதான் சீட்டு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதா குப்பம், மூணு ஊரும் முறை வச்சிக்கினுது. ஊருக்குள்ள தலைக்கட்டுக்குத் தலைக்கட்டு முறை. இன்னிக்கு நல்ல எடத்துல நிக்கறவன் நாளைக்கு நகந்து குடுக்கணும். மோசமான எடத்துல நிக்கறவனுக்கும் நல்ல எடம் சுத்தி வரும். ஒரு குப்பத்துல மாதா, ஒரு குப்பத்துல ஆத்தா. தேர் வேற வேற, திருவிழா வேற வேற. ஆனா பாடு விஷயத்துல மட்டும் ரெண்டு சாமியும் ஒருத்தர் எடத்துல ஒருத்தர் வலை போடறதில்ல.

நீ என்னமோ நாமதான் பட்டிக்காட்டுத்தனமா சீட்டு குலுக்கறோம்னு நெனச்சிக்கினு இருக்க. கொச்சிக் காயல்ல ஊன்னி வலை கட்டறவங்ககிட்ட போய்க் கேளு, அங்கயும் முறை, அதுக்குப் பேரும் பாடுதான். நீர்கொழும்புக் களப்புல முகத்துவாரத்துல கட்டற வலைக்குக் கட்டுதெல்னு பேரு, அங்கயும் சீட்டு, அங்கயும் முறை. இதெல்லாம் பக்கம். துருக்கியில அலன்யான்னு ஒரு ஊராம். போன வருஷம் ஆராய்ச்சி பண்ண வந்த பொண்ணு சொல்லிச்சி. வருஷா வருஷம் செப்டம்பர் மாசம் மீன்பிடிக்கறவங்க பேரை எழுதி, எடத்துக்கெல்லாம் பேரு வச்சி, சீட்டு எடுப்பாங்களாம். ஒவ்வொருத்தனும் தெனம் ஒரு எடம் கிழக்கால நகரணும். ஜனவரி வந்ததும் திரும்பி மேற்கால நகரணும். மீனு எந்தப் பக்கம் போவுதோ அந்தப் பக்கமே முறையும் போவுது. மே வரைக்கும் இப்டி. எவனாவது எடம் மாத்திப் போட்டுட்டா, காப்பிக் கடையில வச்சிப் பேசித் தீத்துடுவாங்களாம். நாம மரத்தடி, அவன் காப்பிக் கடை. வித்தியாசம் காப்பிதான்.

குடத்துல சீட்டு போடறது நமக்கு நேத்து வந்த பழக்கமும் இல்ல. உத்திரமேரூர்க் கோயில் சுவத்துல பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கு, ஆயிரத்து நூறு வருஷம் ஆச்சு. ஊர் வாரியத்துக்கு ஆள் எடுக்க ஓலையில பேரு எழுதிக் குடத்துல போட்டு, விவரம் தெரியாத சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொன்னாங்க. விவரம் தெரிஞ்சவன் கையை உள்ள விட்டா இன்னா ஆவும்னு அப்பவே தெரிஞ்சிருக்கு. அதே கல்வெட்டுல இன்னொண்ணும் இருக்கு: முன்னாடி பொறுப்புல இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவன் பேரும், அவன் சொந்தக்காரன் பேரும் குடத்துல விழக் கூடாது. அந்தச் சட்டத்தை மட்டும் இன்னிக்குக் கொண்டாந்தா எத்தனை குடம் காலியா இருக்கும்னு நெனச்சிப் பாரு. நான் எதுவும் சொல்லல. எனக்கு வயசாயிடிச்சி.

அடுத்த யோசனைக்கு வருவோம். எடத்தை விடு, வலையைப் பெருசாக்கு. இதுதான் இப்ப ஊர் ஊரா நடக்கற வழி. வெளியில கடல்ல சுருக்குமடி போடறானே, அந்த மாதிரி. கூட்டத்தைச் சுத்தி வளைச்சி, அடியில கயித்தை இழுத்தா சுருக்குப்பை மாதிரி மூடிக்கும். ஆயா இடுப்புல சொருகி வச்சிருக்கற சுருக்குப்பையில பத்து ரூபா இருக்கும். இவன் பையில ஒரு ஊரோட பத்து நாள் சோறு இருக்கும். நம்ம மாநிலத்துல 2000-ல இதுக்குத் தடை போட்டாங்க. தடை போட்ட வலை எப்படி ஊர் ஊரா வந்துச்சின்னு கேக்காத, வலைக்கும் கால் உண்டு. போடறவன் ஒரு ஊரு, போடாதேன்னு சொல்றவன் அடுத்த ஊரு, நடுவுல போலீசு. கடைசியில சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போச்சு. 2023 ஜனவரியில அங்க இடைக்காலமா இன்னா சொன்னாங்க தெரியுமா? 12 கடல் மைலுக்கு அந்தாண்ட போ, திங்கக்கிழமை வியாழக்கிழமை மட்டும் போ, காலையில 8 மணிக்கு மேல போய் சாயந்திரம் 6 மணிக்குள்ள திரும்பிடு.

எடம், நாளு, நேரம். இன்னா இது? பாடு! டெல்லியில கோட்டு போட்ட ஐயாமாருங்க, பெரிய பெரிய வக்கீலு பேசினதைக் கேட்டு, கடைசியில நம்ம பாட்டன் கோவணத்தோட கண்டுபிடிச்ச எடத்துக்கு வந்து சேந்தாங்க. நீ அதை அவுட் ஆப் டேட்டுங்கற.

சரி, சர்க்காரே பாத்துக்கட்டும்னு விட்டுடலாமான்னா, அதுக்கும் நான் தயார். சர்க்காரு நல்லாவே பாத்துக்கும். 1983-ல சட்டம் போட்டாங்க. கரையிலேர்ந்து 3 கடல் மைல் வரைக்கும் நாட்டுப்படகுக்கு, அதுக்கு மேல விசைப்படகுக்கு. கோடு ரொம்ப நல்ல கோடு. ஒரே ஒரு குறை, தண்ணி மேல கிழிச்ச கோடு. இறாலு கரைப் பக்கம் இருக்கறப்ப விசைப்படகுக்காரன் கண்ணுக்கு அது தெரியறதில்ல. ராத்திரியில வந்து நம்ம வலையையும் சேத்து வாரிக்கினு போவான். விடிஞ்சா, "அப்படியா? என் மடியில ஒண்ணும் வரலியே"ம்பான்.

சர்க்காரைக் குத்தம் சொல்லல. ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகைக் கட்டிப் போடறாங்களே, மீனுக்குப் பிரசவ லீவு, அது நல்ல காரியம். ஆனா தெனம் தெனம் பக்கத்துல நிக்கறவன் கையைப் பாக்கணும்னா அதுக்குப் பக்கத்துல நிக்கறவன்தான் வேணும். ராமநாதபுரம் பக்கம் பாக் ஜலசந்தியில பாரு. விசைப்படகும் நாட்டுப்படகும் வெட்டிக்காத குறையா அடிச்சிக்கினு, அப்பறம் வாரத்தையே பிரிச்சாங்க. மூணு நாள் விசைப்படகு, நாலு நாள் நாட்டுப்படகு. மீன் ஒண்ணும் கூடிடல. அறுந்த வலை குறைஞ்சிது. நம்ம தொழில்ல அறுந்த வலை குறைஞ்சாலே பாதி லாபம்.

நீ காலேஜுல படிச்சப்ப ஒரு வெள்ளக்காரர் கதை சொன்னியே, மாடு மேய்க்கற கதை. ஹார்டினா அவரு? 1968-ல எழுதினாரே. பொது மேய்ச்சல் நிலத்துல ஒவ்வொருத்தனும் இன்னொரு மாடு, இன்னொரு மாடுன்னு விடுவான், கடைசியில புல்லு போயிடும், எல்லாருக்கும் நாசம்னு. நான் ராத்திரியெல்லாம் அதை நெனச்சிக்கினு இருந்தேன். அந்த ஊர்ல மாட்டுக்காரனுங்க ஒருத்தனுக்கொருத்தன் பேசவே மாட்டானுங்களா? பக்கத்து மாடு பெருத்துக்கினே போவுது, இவன் பாத்துக்கினே இருக்கான், "டேய், இன்னாடா இது"ன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டானா? அவங்க ஊர்ல பொண்டாட்டிங்க குழாயடிக்குக்கூட வர மாட்டாங்களா? அவரு மாட்டை நல்லாப் பாத்திருக்காரு, மாட்டுக்காரனைப் பாக்காம விட்டுட்டாரு.

அவரு ஊர்லயே ஒரு அம்மா, எலினோர் ஆஸ்ட்ரம்னு, அதைத்தான் பாத்துச்சாம். மலையில, காட்டுல, வாய்க்கால்ல, கடல்ல ஜனங்க எப்படிப் பேசி வச்சிக்கறாங்கன்னு உலகம் பூரா கணக்கு எடுத்து 1990-ல புஸ்தகம் போட்டுது. அலன்யா கதையும் அதுல இருக்காம். 2009-ல நோபல் பரிசு குடுத்தாங்க. மரத்தடியில நாம எத்தனை தீர்ப்பு சொல்லியிருக்கோம், நமக்கு ஒரு டீகூட எவனும் வாங்கித் தந்ததில்ல.

நம்ம ஊருக்கும் ஆளுங்க வந்திருக்காங்க. மொதல்ல வந்த டச்சுக்காரன் 1613-ல கெல்ட்ரியான்னு கோட்டை கட்டினான். இன்னிக்கு அவன் கல்லறையத்தான் டூரிஸ்டுக்குக் காட்டறோம். ரொம்ப வருஷம் கழிச்சி இன்னொரு டச்சுக்காரர், மார்ட்டன் பாவிங்க்னு, நோட்டுப் புஸ்தகத்தோட இந்தக் கரைக்கு வந்தார். குப்பத்துப் பஞ்சாயத்து எந்த வலையைத் தடுக்குது, ஏன் தடுக்குது, அந்தச் சட்டமும் சர்க்கார் சட்டமும் எங்க மோதுதுன்னு பாத்து 2001-ல புஸ்தகமாப் போட்டார். துப்பாக்கியோட வந்தவன் கோட்டை விழுந்துச்சி. நோட்டோட வந்தவர் எழுதினது நிக்குது. நீயும் வாயைத் தொறக்கறதுக்கு முன்னாடி கொஞ்ச நாள் ஒரு நோட்டு வாங்கி வச்சிக்க.

ஒரு விஷயம் பேராண்டி, இதை நான் கிண்டலுக்குச் சொல்லல. நீ நேத்துக் கூட்டத்துல கேட்ட கேள்வி தப்பான கேள்வி. "எனக்கு ஏன் மோசமான எடம்"னு கேட்ட. அதுக்குப் பதில் குடத்துல இருக்கு, இன்னிக்கு இல்லாட்டி நாளைக்கு நல்ல எடம் வரும். நீ கேட்டிருக்க வேண்டியது, குடத்துல யாரு பேரு இல்லன்னு.

நெஞ்சளவு சேத்துத் தண்ணியில, பனையோலைப் பறியைப் பல்லுல கடிச்சிக்கினு, கையால தடவித் தடவி இறால் பிடிக்குதே இருளர் வூட்டுப் பொம்பளை, அது பேரு நம்ம குடத்துல எப்பவாவது விழுந்திருக்கா? போட்டாத்தானே விழும்! அதுங்க கையால தடவின எடத்துல நாம ராஜா மாதிரி வலை கட்டறோம். மத்த சாதிக்காரங்க இறாலுக்கு வெளிநாட்டு விலை வந்தப்புறம் ஏரிக்கு வந்தாங்க. "எங்க பாட்டன் முறை"ன்னு நாம சொன்னோம். பாட்டன் முறை சொல்றப்ப நம்ம குரல்ல ஒரு கம்பீரம் வரும் பாரு, அது யாரையோ வெளியில நிறுத்தறப்ப வர்ற கம்பீரம்.

உங்க ஆயாவை எடுத்துக்க. நான் புடிச்ச மீனைக் காசாக்கினது அவ தலைக்கூடை. என் பேரு தலைக்கட்டு, அவ தலையில கூடை. ஒரே தலை, ரெண்டு கணக்கு. குடத்துல அவ பேரும் இல்ல. பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கற பொம்பளைங்க இருக்காங்க. எந்தக் குடத்துலயும் பேரு இல்லாதவங்க. அவங்களே கூடிப் பேசி, மாசத்துல இத்தனை நாள்தான் எடுக்கறது, மத்த நாள் பாசி வளரட்டும்னு தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கினாங்க. அவங்கள்ல ஒருத்தரு, லட்சுமி மூர்த்தி, 2015-ல அமெரிக்காவுல சீகாலஜி பரிசு வாங்கினார். நம்ம குடத்துல போடாத பேருங்க தனியா ஒரு குடம் வனைஞ்சிக்கினாங்க. நீ மாத்தணும்னு துடிக்கறியே, இங்க மாத்து. குடத்தை உடைக்காத, வாயைக் கொஞ்சம் அகலமாக்கு. அதுக்கு எழுந்து நின்னிருந்தியானா நானும் உன்கூட நின்னிருப்பேன். கொஞ்சம் பின்னாடி நின்னிருப்பேன், என்ன இருந்தாலும் எனக்கும் ஊர்ல பேரு இருக்கு.

பாடு எல்லாத்தையும் காப்பாத்தும்னும் நான் சொல்ல மாட்டேன். கோடையில மண்ணு வந்து முகத்துவாரத்தை அடைச்சிக்கினா, உள்ள வர்ற இறாலும் இல்ல, வெளிய போற இறாலும் இல்ல. அப்ப நல்ல எடமும் ஒண்ணுதான், சேத்து மூலையும் ஒண்ணுதான். ஆறு கொண்டாற தண்ணி குறையறதையும், கரை மேல வர்ற கட்டடத்தையும் சீட்டு எடுத்து நிறுத்த முடியாது. நமக்குள்ள திருடிக்காம இருக்கத்தான் நம்ம குடம். வெளியில இருந்து வர்ற பெரிய திருட்டுக்குப் பெரிய குடம் வேணும். ஆனா ஒண்ணு. உள்ளுக்குள்ளயே அடிச்சிக்கினு கிடக்கற குப்பத்தைப் பாத்தா வெளியில இருந்து வர்றவனுக்குக் கொண்டாட்டம். முகத்துவாரத்தைத் தோண்டிக் குடுன்னு கலெக்டர் ஆபீசுக்குப் போவணும்னாலும், மூணு குப்பம் ஒண்ணாப் போனாத்தான் நாக்காலி போடுவாங்க.

வெத்தலை முடிஞ்சிது. இப்ப ஒரு ரகசியம். இதை உன் பொண்டாட்டிகிட்டச் சொல்லாத. சொல்லிடுவ, தெரியும். இருந்தாலும் சொல்லாத.

எனக்கும் கல்யாணமான வருஷம் மொத சீட்டு விழுந்தது அதே சேத்து மூலைதான். நானும் உன்னை மாதிரியே துள்ளினேன். கூட்டத்துல பேசத் தைரியம் இல்ல, அதனால வேற வழி பாத்தேன். அமாவாசை ராத்திரி. ஓட்டம் நல்லா இருக்கற எடம் அன்னிக்கு ஒரு பெரியவரோட பாடு. அவருக்கு ஜுரம், ஏரியில எறங்கலன்னு கேள்விப்பட்டேன். சும்மாத்தானே கிடக்குதுன்னு சத்தம் போடாமத் தோணியைத் தள்ளிக்கினு போய், இருட்டுல கழியை நட்டேன். நட்ட கழி எது மேலயோ டொக்குன்னு இடிச்சிது. தடவிப் பாத்தா இன்னொரு கழி. அந்தப் பக்கத்துலேர்ந்து இருட்டுல ஒரு குரல், "எவன்டா அது, அடுத்தவன் பாட்டுல?"ன்னு. நானும் விடல, "நீ எவன்டா?"ன்னேன்.

ரெண்டு பேரும் ஜுரக்காரர் எடத்துல, ரெண்டு பேரும் திருடங்க, ரெண்டு பேருக்கும் அப்படி ஒரு நியாயக் கோவம்! நெலா இல்ல, ஆனா குரல் தெரிஞ்சிடுச்சி. கொஞ்ச நேரம் தண்ணி சத்தம்தான் கேட்டுது. அப்பறம் ஒருத்தனும் ஒண்ணும் பேசாம, அவன் கழியை அவன் பிடுங்கினான், என் கழியை நான் பிடுங்கினேன். அவன் வடக்கால போனான், நான் தெக்கால வந்தேன்.

அடுத்த ஊர்க் கூட்டத்துல, அடுத்தவன் பாட்டுல எறங்கறவனுக்கு அபராதத்தை ரெட்டிப்பாக்கணும்னு ரெண்டு பேரு எழுந்து நின்னு சத்தமாப் பேசினாங்க. ஊரே மெச்சிக்கிச்சு, வாலிபப் பசங்களுக்கு எவ்ளோ பொறுப்புன்னு. ஒருத்தன் நான். இன்னொருத்தன் நேத்து உன்னைப் பாத்துப் பல்லு இல்லாத வாயால சிரிச்சானே, அவன். அந்த அபராதம்தான் இன்னி வரைக்கும் இருக்கு. நல்லவங்க நாலு பேரு கூடிப் போட்ட சட்டம்னு நெனச்சிக்காத. உன் பாட்டனும் உன் பொண்டாட்டியோட பாட்டனும் ஒருத்தனை ஒருத்தன் நல்லாத் தெரிஞ்சிக்கினதால போட்டது.

எழுந்திரு, இருட்டிட்டு வருது. போய் சேத்து மூலையில உன் வலையைக் கட்டு. அந்த ஒத்தைச் செருப்பு திரும்ப வந்தா தூக்கிப் போடாத, எடுத்துக்கினு வா. உங்கப்பனுக்கு அந்த மூலை விழுந்த வருஷம் வந்த ஜோடி, திண்ணைக்குக் கீழ இன்னும் கிடக்குது.